சுண்ணாம்பின் மேல் ஒட்டிய கடப்பாக்கல்

வேதா அப்பாவுக்கு,

குளியலறைச் சுவரில் நீங்கள் ஒட்டவைத்த கடப்பாக்கல் காலையில் விழுந்து நொறுங்கியது. நிறைமாசத்துப் பெண் வேதா அப்போதுதான் குளித்துவிட்டு வெளியே வந்தாள்.

"சுவரைக் கொத்தினா அந்தாண்ட தறி ஆடும், பாவு அறுந்துடும். சுண்ணாம்பு மேலயே ஒட்டுப்பா" என்று கொத்தனாரிடம் சொன்னது யார்?

மோர் கேட்கிற சாக்கில் கங்கையம்மாள் வீட்டுக்குப் போய் அவர்கள் குளியலறைக் கல்லைத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அவள் புருஷனும் நெசவாளிதான். தறியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைக் கொத்தவிட்டாராம்.

நானும் உங்கள் தறியிலிருந்த பாவு நூலை அறுத்துச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டேன். மதியம் கொத்தனார் வந்து கொத்துவார். குறுக்கே பேசாதீர்கள். சுவரை நனைக்கத் தண்ணீர் மட்டும் இறைத்துக் கொடுங்கள்.

வேதாவை ஏனாத்தூரில் என் தங்கை வீட்டில் விட்டுவரப் போகிறேன். குழம்பு உறியில் இருக்கிறது.

பி.கு.: அறுத்த பாவு நூலை மறுபடி இழை இழையாகப் பிணைக்கும்போது எதிரில் நானும் உட்காருகிறேன். பேசமாட்டேன்.