டீ கொடுக்கப் போன நேரத்தில் என் நாடு தந்த சம்மதம்

அனுப்புநர்:
மு. பவித்ரா, பதினொன்றாம் வகுப்பு,
த/பெ முருகானந்தம்,
மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: மாணவர் மாதிரி மாநாட்டில் நான் இல்லாதபோது என் நாட்டின் பெயரால் எடுக்கப்பட்ட பாதுகாப்பு முடிவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற சனிக்கிழமை தென்னூரில், பள்ளிகளுக்கிடையே நேச நாடுகளின் மாதிரி மாநாடு நடந்தது. ஆறு கற்பனை நாடுகள், எல்லாருக்கும் ஒரே எதிரி. எதிரியின் எல்லையை ஒட்டிய, ஆறு நாடுகளிலும் மிகச் சிறிய நாட்டுக்கு நான் பிரதிநிதி.

2. எதிரி வந்தால், நேச நாடுகளுக்கு நடுவே ஓடும் ஆற்றின் தென்கரையில் படைகளை நிறுத்துவது என்று பெரிய நாடுகள் தீர்மானம் கொண்டுவந்தன. என் நாடு இருப்பதோ ஆற்றுக்கு வடக்கே. காவிரிக்குத் தெற்கே சிந்தாமணியில் நின்றுகொண்டு, வடக்கே இருக்கும் ஸ்ரீரங்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்வதைப் போன்றது இது.

3. எதிர்த்துப் பேச என் முறை வருமுன், தலைமை வகித்த ஆசிரியர் திரு. நவநீதன் விருந்தினர்களுக்கு டீ கொடுத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். ஆறு பேரில் ஏன் நான் என்பதை அவர்தான் விளக்க வேண்டும். நான் தட்டோடு திரும்பியபோது எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டாராம். யாரும் பேசாததால் ஆறு நாடுகளும் ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டார். நான் கேட்டதற்கு, “பேசாம இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம், உட்காரும்மா” என்றார். என் அக்கா சித்ராதேவியின் கல்யாணத்தையும் அவள் பேசாமல் நின்றதை வைத்தே நிச்சயம் செய்தார்கள். அவள் இப்போது எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

4. முதல் பரிசு பெற்ற புத்தூர் மாணவி அல்ஷிஃபா, “அவ வந்தப்புறம் கேட்டிருக்கலாம் சார்” என்று எழுந்து சொன்னார். மிகப் பெரிய நாட்டின் பிரதிநிதி அவர். இம்மனுவில் சாட்சியாகக் கையொப்பமும் இட்டுள்ளார்.

5. ஒரு நாடு மறுத்தால் மற்ற ஐந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தங்கள் படையை அனுப்புவதும் அனுப்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் யாருடைய மண்ணில் சண்டை நடக்குமோ, அவரை எதிரே உட்கார வைத்துக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். அடுத்தவர் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு அதற்குக் கூட்டணி என்று பெயர் வைக்கக் கூடாது.

6. தீர்மானத் தாளில் என் நாட்டின் பெயரைப் பேனாவால் அடித்தது உண்மை. அதற்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் சென்னையில் நடக்கும் மாநில மாநாட்டுக்கு அனுப்புவார்களாம். அங்கேயும் இதே தீர்மானத்தைத்தான் வாசிக்கப்போகிறார்கள்.

ஆகவே, ஐயா அவர்கள் அத்தீர்மானத்தை ரத்து செய்து, என்னையும் வைத்துக்கொண்டு மறு வாக்கெடுப்பு நடத்த உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். சென்னைக்குப் போக எனக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். வீட்டில் எல்லாரும் எழுதச் சொன்னார்கள். “எழுதாதே, பவி” என்று சொன்னது அக்கா மட்டும்தான்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. பவித்ரா

சாட்சி: அல்ஷிஃபா, புத்தூர்

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 18.11.2024