இரண்டாவது விடைக்குக் காத்திருந்தவருக்கு

அன்புக்குரியவரே,

இன்று காலை சிட்னியின் செவன் ஹில்ஸ் பள்ளிக்கூட வாசலில் வெங்காயம் வதங்கும் மணம் எழுந்தது. இந்நாட்டில் வாக்களிப்பு நாளுக்கென்று ஒரு மணம் உண்டென்றால் அது இதுவே. பெற்றோர் சங்கத்தார் சுட்டுத்தரும் இறைச்சியையும் வெங்காயத்தையும் பாண் ரொட்டியில் சுற்றிக் கையிலேந்தியபடி மக்கள் வரிசையில் நகர்ந்தனர். அம்மணம் என்னை எட்டிய கணத்தில், என் கண்கள் வேலியோரத்தில் உங்களைத் தேடின. மூன்று தேர்தல்களில் நீங்கள் நின்ற இடம் அது. உங்கள் முகம் பதித்த, பசுமைக் கட்சியின் பச்சைப் பலகை நிமிர்ந்து நிற்கும். அதனருகே நீங்கள் சற்றே கூனியவாறு, குடையை ஊன்றி நிற்பீர்கள்.

இம்முறை அவ்வேலியில் கட்டியிருந்த பலகையில் என் முகம் இருந்தது. இச்செய்தியை உங்களிடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது உங்களை வந்தடைந்ததா என்பதை மட்டும் நான் இன்றுவரை அறியேன். அதனாலேயே எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலாக என் கதவைத் தட்டியது வாக்குக் கேட்டு அல்ல. கோடை வெப்பத்தில் இப்புறநகர் வீடுகளுக்குள் மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என ஆராயும் சமூகவியலாளராக வந்தீர்கள். "இந்த வீட்டில் கோடைகாலம் எப்படி?" என்று வினவினீர்கள். "குறை ஒன்றுமில்லை, நலமாக வாழ்கிறோம்" என்றேன். நீங்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை. புன்னகைத்தபடி நின்றீர்கள். மௌனமாக நிற்கும் விருந்தாளியிடம் நம்மவர் செய்யக்கூடியது ஒன்றுதான். உள்ளே அழைத்துத் தேநீர் தந்தேன். அதை அருந்தினீர்கள். அப்போதும் காத்திருந்தீர்கள். என்னையறியாமல் என் வாய் திறந்தது. "இரவில் இந்த வீடு வேகிறது. கூரை கறுப்பு. தெருவில் ஒரு மரமில்லை. குளிரூட்டியை எல்லா அறைகளிலும் இயக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாங்கள் மூவரும் ஒரே அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம்."

அதன் பின்னரே பேனாவை எடுத்தீர்கள். "முதல் விடை மரியாதைக்கு உரியது. உண்மை இரண்டாவது விடையில் வரும்" என்றீர்கள்.

அந்நேரம் என் கணவர் குசினியிலிருந்து குரல் கொடுத்தார். "ஆரப்பா அது, கரண்ட் கொம்பனியோ?"

"இல்லை, சமூகவியல் அறிஞர்."

"கடவுளே! அப்ப எங்கட சண்டையையும் எழுதப்போறாவோ?"

அவர் சொன்னதை மொழிபெயர்க்கும்படி கேட்டீர்கள். ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தேன். "தரமான சண்டையாக இருந்தால் தனி அத்தியாயமே எழுதலாம்" என்றீர்கள். அன்றுமுதல் என் கணவருக்கு நீங்கள் 'எங்கட அறிஞர்' ஆனீர்கள்.

உங்கள் வாழ்க்கையை நான் துண்டு துண்டாகவே அறிந்தேன்; பின்னர் உங்களுக்கு வாக்குக் கேட்டு நாம் இருவரும் கதவுக்கும் கதவுக்கும் இடையில் நடந்த தூரங்களில் நீங்கள் சொன்னவை அவை. போலந்தில், நிலக்கரி நகரமொன்றில் பிறந்தீர்கள். அங்கு காலையில் உலரப்போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் சாம்பல் நிறமாகுமாம். சமூகவியல் மாணவியாக நீங்கள் மேற்கொண்ட முதல் ஆய்வு, அத்துணிகளைத் துவைத்த பெண்களைப் பற்றியது. "பழகிவிட்டது" என்பதே அவர்கள் எல்லோரும் தந்த முதல் விடை. காத்திருந்தபோதுதான் பிள்ளைகளின் இருமலைப் பற்றிச் சொன்னார்களாம். "துணி துவைப்பதும் சமூகவியலா?" என்று துறைத் தலைவர் நகைத்தார், நகைப்பு அடங்கியபின், அதை அச்சிட வேண்டாம் என்றும் சொன்னார். நீங்கள் அதைக் கையால் படியெடுத்து நண்பர்களிடம் கொடுத்தீர்கள்.

சிட்னிக்கு வந்தபின் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் கற்பித்தீர்கள். ஒருமுறை அது புதுப்பிக்கப்படவில்லை. கட்டுரைகள் பல எழுதிய நீங்கள் பசுமை அரசியலுக்குள் வந்த காரணத்தை ஒரு வரியில் சொன்னீர்கள். "காற்றைப் பற்றி இவ்வளவு எழுதினேன், காற்று அதில் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை."

நம் இருவரையும் பிணைத்தது அரசியல் மட்டுமன்று. போர் என் பள்ளிப்படிப்பை முறித்தது. என் படிப்பை அதனால் முறிக்க இயலவில்லை. பகலில் பண்டகசாலையில் பொதி கட்டினேன், மாலையில் நூலகத்தில் அகராதியோடு அமர்ந்தேன். நீங்களும் ஆங்கிலத்தை ஏட்டிலிருந்தே கற்றவர். ஆதலால் நாம் பேசிய ஆங்கிலம் விண்ணப்பம் வாசிப்பதுபோல் இருந்தது. "அம்மா, யூ போத் சவுண்ட் லைக் எ கோர்ட் லெட்டர்" என்று என் மகள் கேலி செய்வாள். கட்சி இளைஞர்களும் உங்கள் பேச்சைக் கேட்டு வாய்க்குள் சிரித்ததுண்டு. நீங்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை. "நாம் மொழியை விருந்துக்கு வந்தவரைப்போல் நடத்துகிறோம். வீட்டுக்காரர் அப்படி நடத்தமாட்டார்" என்றீர்கள்.

உங்கள் துண்டுப்பிரசுரத்தை நான் தமிழில் ஆக்கினேன். 'மாண்புமிகு வாக்காளப் பெருமக்களே' என்று தொடங்கியது அது. ஹரிஸ் பார்க்கில் இனிப்புக்கடை வைத்திருந்த தமிழ்நாட்டுத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஓட்டுக் கேக்குற நோட்டீஸா, கல்யாணப் பத்திரிகையா? மாப்பிள்ளை பேரு எங்க?" என்றார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். என் முகம் சுருங்கியதைக் கண்டு, என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். சொன்னேன். "மாப்பிள்ளையைத் தேடியிருக்கிறார் என்றால், கடைசி வரி வரை வாசித்திருக்கிறார். ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்" என்றீர்கள். மாற்றவில்லை. இம்முறை என் பிரசுரமும் அப்படியே தொடங்குகிறது.

கதவு தட்டித் தட்டி நீங்கள் கற்ற தமிழ் இரண்டு சொற்களே; இரண்டுக்கும் பொருள் 'ஆம்' என்பதே. "இது ஓம் வீடு," "இது ஆமா வீடு" என்று படியிறங்கும்போது எனக்கு அறிவிப்பீர்கள். யாழ்ப்பாணமா தமிழ்நாடா என்பதைச் சரியாகக் கண்டுகொண்ட பெருமிதம் உங்கள் நடையில் தெரியும்.

மூன்றாம் முறை தோற்ற மறுநாள் என் குசினிக் கதிரையில் அமர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். "அடுத்த முறை நீங்கள் நில்லுங்கள். நிற்பீர்களா?"

"பார்ப்போம்" என்றேன். நீங்கள் காத்திருந்தீர்கள். நான் கோப்பைகளைக் கழுவினேன். கழுவியவற்றை மீண்டும் கழுவினேன். எந்தப் பல்கலைக்கழகத்தின் படியையும் மிதித்திராத ஒருத்தி மேடையேறினால், அவளிடம் முதலில் எதைக் கேட்பார்கள் என்பதை நான் அறிவேன். என் வாழ்வில் உங்கள் மௌனத்துக்கு நான் பணியாதது அந்த ஒருமுறைதான். நீங்கள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டீர்கள். "இரண்டாவது விடை வரும்போது சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை."

அவசரம் இருந்தது. அதை நாம் இருவருமே அறிந்திருக்கவில்லை.

மறதிநோய் உங்கள் ஆங்கிலத்தைத் தின்னத் தொடங்கியது. கடினமான சொற்கள் முதலில் போகுமென எண்ணியிருந்தேன். மாறாக, 'கரண்டி' போயிற்று, 'சன்னல்' போயிற்று. 'சமத்துவமின்மை' நெடுநாள் நின்றது. பின்னர் அதுவும் போயிற்று. முதியோர் இல்லத்தில் உங்களிடம் எஞ்சியது போலிஷ் மொழி ஒன்றே. அங்கு அதை அறிந்தவர் ஒருவருமில்லை. மனிதரைப் பேசவைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த உங்களுக்கு, பேசிக்கொள்ள ஆளில்லாது போயிற்று.

என் உள்ளத்தில் இரண்டாவது விடை முதிர்ந்தது அக்காலத்தில்தான். வேட்பாளராகக் கட்சி என்னை ஏற்றுக்கொண்ட வாரத்தில் உங்களிடம் வந்தேன். வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தபடி இருந்தீர்கள். செய்தியை நாம் பேசிய ஏட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். உங்கள் முகம் அசையவில்லை. மெதுவாகத் திரும்பவும் சொன்னேன். பலனில்லை. கடைசியில் உங்கள் கையைப் பற்றிக்கொண்டு, "ஓம். நான் நிக்கிறன்" என்றேன்.

நீங்கள் திரும்பினீர்கள். என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் போலிஷில் பேசினீர்கள். விரிவுரை ஆற்றும் குரல் அது. நடுவே பழைய வழக்கப்படி நிறுத்தி, என் விடைக்குக் காத்திருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் நான் தலையசைத்தேன்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று பராமரிக்கும் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது."

"தெரிந்தவர்போல் தலையசைத்தீர்களே!"

"அவர் சொல்லி முடிக்கட்டும் என்றுதான்."

என்னை வாழ்த்தினீர்களா? எச்சரித்தீர்களா? உங்கள் தாயிடம் துணிகளை உள்ளே எடுக்கச் சொன்னீர்களா? அன்று உங்கள் சொற்களைப் பதிவு செய்திருக்கலாமே என்று மகள் சொன்னாள். எனக்குத் தோன்றவில்லை. உங்களிடம் கற்றவள் முகத்தைத்தான் பார்ப்பாள். சென்ற குளிர்காலத்தில் நீங்கள் மறைந்தீர்கள்.

இன்று நண்பகல் வாக்களிக்க வந்தவர்களில், நாம் முன்பு கதவு தட்டிய தெருவைச் சேர்ந்த வயதான அன்ரி ஒருவர் இருந்தார். கைத்தடியோடு நேரே என்னிடம் வந்தார். "ஓம் பிள்ளை, உனக்குத்தான் போடுவன்" என்றார். எப்படி வாக்களிப்பது என்று காட்டும் எங்கள் கட்சித் தாளைக் கொடுத்தேன். வாங்கியவர் நகரவில்லை.

"முந்தி உன்னோட ஒரு வெள்ளைக்கார மனுசி வாறவ எல்லே? என்ர வீட்டிலயும் ரீ குடிச்சவ. அவ எங்க?"

"அவ இண்டைக்கு வரேல்லை, அன்ரி."

அன்ரி என் முகத்தைப் பார்த்தபடியே, தாளை மெதுவாக மடித்தார். வெங்காயப் புகை எங்களுக்கிடையே வந்து கலைந்தது. 'காலமானார்' என்று இரங்கற் கூட்டத்தில் வாசித்திருக்கிறேன். 'இயற்கை எய்தினார்' என்று கட்சிக்கு எழுதியிருக்கிறேன். அச்சொற்களெல்லாம் நெஞ்சில் வரிசையாக நின்றன. ஒன்றும் நாவுக்கு வரவில்லை.

"அவ செத்துப்போனா, அன்ரி."

"ஓம்," என்றார் அவர். "உன்ர முகத்தைப் பார்க்க விளங்கினது." என் தோளைத் தட்டிவிட்டு, மருமகளுக்கென இன்னொரு தாளையும் வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

மாலையில் வாக்குகளை எண்ணுவார்கள். உங்களைப்போல் நானும் தோற்கக்கூடும். அன்ரி போனபின் கண்களைத் துடைத்துக்கொண்டு, அடுத்து வந்த இளைஞனிடம், கோடையில் வீடு எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கிறம்" என்றான், கையைத் தாளுக்கு நீட்டியவாறே.

நான் தாளைக் கொடுக்காமல் காத்து நின்றேன்.