முப்பத்தோராம் குடும்பம்

துனிஸ்,
3 மார்ச் 2003

அன்புள்ள தாஹர் அண்ணனுக்கு,

நலம்தானே? நீங்கள் நிரப்பிய படிவம் வந்தது. பரம்பரை நோயால் ஒருவருக்கு நடை போனால் அவர் உடன்பிறந்தவர்களில் இன்னும் எத்தனை பேருக்குப் போகும் என்பதே எங்கள் ஆய்வு. எந்த நோயாளி வழியாகக் குடும்பம் எங்களுக்குக் கிடைத்ததோ, அவரை விட்டுவிட்டுத்தான் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் விகிதம் உப்பிவிடும். நம் குடும்பம் என் வழியாக வந்தது. ஆகவே நான் கணக்கில் இல்லை. உங்கள் கல்யாணப் படத்திலும் நான் இல்லை, பழகிவிட்டது.

ஆனால் ஸுஹ்ரா எங்கே? பத்து வயதில் கால் தள்ளாடி, பதினான்கில் செத்த நம் தங்கையை ஏன் எழுதவில்லை? நீங்கள் எழுதியபடியே எண்ணிய தாளை இணைத்திருக்கிறேன்: ‘குடும்பம் 31. உடன்பிறந்தோர் இருவர். நோயாளி எவருமில்லை.’ திருத்தி அனுப்புங்கள்.

முன்ஸிஃப்

மஹ்தியா,
20 மார்ச் 2003

தம்பி முன்ஸிஃப்,

ஸுஹ்ராவக் கிளறாதே. கிணத்துல விழுந்துட்டான்னுதான் ஊருக்குச் சொல்லியிருக்கோம். என் மக ரீமை நம்ம கூடப்பொறந்த நஸீஹா மகனுக்கே பேசி முடிச்சாச்சு. நஸீஹா புருஷன்தான், “உங்க வீட்டு ரத்தம் எப்படி?”ன்னு முறுக்கினான். நீ அனுப்பின தாளை நீட்டினேன். ஆஸ்பத்திரி முத்திரையே இருக்கே! வாயை மூடிக்கிட்டான். உன் படிப்பு ஒரு தடவையாவது வீட்டுக்கு உதவுச்சு.

கல்யாணம் மாடி மண்டபத்துல. படி ஜாஸ்தி. நீ சக்கர நாற்காலியோட சிரமப்படாதே.

தாஹர்

துனிஸ்,
2 ஏப்ரல் 2003

அண்ணனுக்கு,

படிகளைப் பற்றி முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி. மணமக்களுக்கு என் வாழ்த்துகள்.

முன்ஸிஃப்

மஹ்தியா,
11 அக்டோபர் 2010

முன்ஸிஃப்,

ரீம் பையனுக்கு ஆறு வயசு. துறைமுகத்துல ஓடும்போது விழுந்துகிட்டே இருந்தான். இப்ப சுவரைப் பிடிச்சு நடக்கறான். டாக்டர் கேட்டாரு, “கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பாக்கலையா?”ன்னு. அந்தத் தாள் அதுக்கில்லைன்னு உனக்குத் தெரியும்ல? ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதாடா?

ரீமுக்கு இப்ப மறுபடி ரெண்டு மாசம். இந்தக் குழந்தைக்கு எப்படின்னு கேட்டு அழறா. உன் கோவத்தை என்மேல வெச்சுக்கோ. அவளுக்கு மட்டும் நேரா பதில் சொல்லு.

தாஹர்

துனிஸ்,
15 அக்டோபர் 2010

அண்ணா,

தெரியும். அந்த ஒரு வரியை எழுதி, உறையில் போட்டு, பிறகு கிழித்தேன். படிகளுக்காக.

ரீமிடம் சொல்லுங்கள்: நாலில் ஒன்று. மூத்தவனுக்கு வந்துவிட்டது என்பதால் குறையவும் செய்யாது, கூடவும் செய்யாது. கருவிலேயே பார்க்கலாம்; இன்னும் சில வாரமே அவகாசம். உடனே அழைத்து வாருங்கள். பையனையும்.

புதுப் படிவத்தில் ஸுஹ்ராவை நானே எழுதிவிட்டேன்.

என் வீட்டுக்குப் படி கிடையாது.

முன்ஸிஃப்