புவனா போட்ட விலை

17 ஏப்ரல் 2006, திங்கள்

கடையில் கூட்டமில்லை. வருஷப் பிறப்பு முடிந்த வாரம் எப்போதும் இப்படித்தான். மதியம் தறிக்காரர் ஒருவர் மாம்பழ நிறத்தில் முகூர்த்தப் புடவை கொண்டுவந்தார். அப்பா அதை மடியில் விரித்து முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னா போடலாம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முகம் புவனா பக்கம் திரும்பிவிட்டது. "நீ சொல்லுமா."

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கேள்வி என்னுடையது. அம்மா போனதிலிருந்து. புவனா, தம்பி தினகரனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை.

அவள் சொன்ன விலை சரியாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

20 ஏப்ரல்

தினகரன் கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேர் போட்டிருக்கிறான். மாற்றுகிற விலையெல்லாம் முதலில் 'டிராஃப்ட்' என்று தனியாக நிற்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம். 'பப்ளிஷ்' கொடுத்த பிறகுதான் நம் கவுண்டருக்கும் சென்னைக் கிளைக்கும் ஒரே சமயத்தில் போகும். ஒருத்தர் போட வேண்டும், இன்னொருத்தர் சரிபார்த்து வெளியிட வேண்டும்.

"புவனா போடட்டும்கா. எம்.சி.ஏ. படிச்சிருக்குது. நீ பெரியவ, பாத்துட்டு பப்ளிஷ் பண்ணு."

பெரியவள். முப்பத்தெட்டு வயசில் எனக்குக் கிடைத்த பதவி, ஒரு பட்டனை அழுத்துவது.

24 ஏப்ரல்

புவனா என் நாற்காலியின் உயரத்தை மாற்றிவிட்டாள். உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை.

3 மே, புதன்

ஜரிகை விலை ஏறிவிட்டது. புவனா புது விலைகளை டிராஃப்டில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பார்த்தேன். எல்லாப் புடவைக்கும் ஒரே மாதிரி எட்டு சதவீதம் ஏற்றியிருக்கிறாள். கண்ணுக்கே தெரியாத பார்டர் போட்ட புடவையில் ஜரிகை எங்கே இருக்கிறது? அதற்கு எதற்கு எட்டு? உடம்பு வேறு, பார்டர் வேறாக இரண்டு பேர் உட்கார்ந்து கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு எட்டு எப்படிப் போதும்?

ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வந்திருப்பாள். வந்து, "ஓ, அப்படியா அண்ணி" என்று தலையாட்டி, அதையும் கற்றுக்கொண்டுவிடுவாள். நான் எதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

வரிசையாக நானே திருத்தினேன். கை பழைய வேகத்தில் ஓடியது. பப்ளிஷ் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்று நன்றாகப் பசித்தது.

22 மே, திங்கள்

சென்னைக் கிளையில் நல்ல வியாபாரமாம். அப்பா, கவுண்டரில் நிற்கும் கலியனைக் கூப்பிட்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "புவனா போட்ட வெல. பாத்தியா கலியா, ஒருத்தராவது மொணமொணத்தாங்களா?"

டிராஃப்ட் அவள் பெயரில்தான் இருக்கிறது. சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும்?

புவனா டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டம்ளருக்குள் பார்த்தாள்.

23 மே

சொல்லவில்லை.

26 மே

இன்றும் அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது அப்பா மறுபடியும் அதே பேச்சு. "கணக்கு படிச்ச மூளை வேற மாதிரிதான் இருக்குது." அவள் எனக்கு ரசம் ஊற்றினாள். "போதுமா அண்ணி?"

போதும்மா. நல்லா போதும். நான் போட்டது. ஒவ்வொண்ணும் நான் போட்டது. ஒரு வார்த்தை, 'அண்ணி மாத்துனாங்க மாமா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருக்கற முத்து கொட்டிடுமா?

சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழுகிறது. அதைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

8 ஜூன், வியாழன்

சின்ன காஞ்சிபுரத்தில் என் சிநேகிதி கோதா வீட்டில் இருந்து எழுதுகிறேன். நாளை பெருமாள் கோயில் கருட சேவை. நமக்கு ஏகாம்பரநாதர்தான் என்றாலும் விடியற்காலைக் கோபுர தரிசனத்தை நான் விட்டதில்லை. முதல் நாளே கோதா வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கிளம்பும் முன் புவனாவின் டிராஃப்டைத் திறந்தேன். ஆனி முகூர்த்தப் புடவைகள். இந்தத் தடவை கோர்வைக்குத் தனியாக, மெல்லிய பார்டருக்குத் தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறாள். போன தடவை நான் செய்ததைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். திருடி.

நடுவில் ஒரு வகை. இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. கை தவறியிருக்கிறது.

மூடிவிட்டேன்.

வாசலில் தினகரன். "அக்கா, டிராஃப்ட் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்பா."

"சென்னைல கேட்டுக்கினே இருக்காங்க. நான் பப்ளிஷ் பண்ணிடட்டா?"

நான் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. சொல்லாததையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும்.

9 ஜூன்

கோபுர வாசலில் கருடன் மேல் பெருமாள். கை தூக்கிக் கும்பிட இடமில்லாத கூட்டம். நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்த விலைதான் கண்ணில் நின்றது.

கோதா வீட்டில் போன் இருக்கிறது. கூடத்தில், நான் உட்கார்ந்து காபி குடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே.

10 ஜூன், சனி

சென்னைக் கிளையில் ஒரு கல்யாண வீட்டார் அந்த வகையில் ஒன்பது புடவை எடுத்துப் போய்விட்டார்கள். பில் போட்டது போட்டதுதான், திருப்பிக் கேட்க முடியாது. காலையில்தான் தெரிந்திருக்கிறது.

அப்பா கத்தினார். புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "எம்.சி.ஏ.வாம். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத எம்.சி.ஏ."

புவனா நின்றுகொண்டே இருந்தாள். "என் தப்புதான் மாமா."

"அக்காவும் பாத்துச்சேப்பா" என்றான் தினகரன்.

"அவ எத்தினி வெலையதான் பாப்பா? ஒண்ணு கண்ணுல படாம போயிருக்கும். போட்டவ இல்ல பாத்திருக்கணும்?"

எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தேன். அப்பா என் பக்கம் பேசுகிறார், கடை முழுக்கக் கேட்கிறது. எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

11 ஜூன், ஞாயிறு

மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு போர்வையின் முனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் மடித்து நெருங்கி வந்தபோது கேட்டாள்.

"நீங்க அதப் பாத்தீங்களா அண்ணி?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பாத்தேன்."

போர்வையை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு மடிப்பு மடித்தாள். மடிப்பை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். கோபமாக இருக்கும். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன மாசம் நீங்க எல்லாத்தையும் மாத்துனது எனக்கு அன்னைக்கே தெரியும். அன்னைக்கே மாமாகிட்ட சொன்னேன், இது அண்ணி போட்டதுன்னு. 'தெரியும்மா, அவ கையி எனக்குத் தெரியாதா'ன்னாரு. 'நீ புதுசு, உன்ன நாலு வார்த்த சொன்னாத்தான் கடைல மதிப்பாங்க. அவளுக்கு எதுக்கு?'ன்னாரு."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"மாமா உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

அப்பா சொல்லவில்லை. இவளிடம் சொன்னதில் ஒரு சொல்லை என்னிடம் சொல்லியிருந்தால்... இப்போதுகூட எனக்கு அதுதான் தோன்றுகிறது பார். அவளிடம் செய்ததை நினைக்காமல், அவளுக்குக் கிடைத்த அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் துணியை அள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

14 ஜூன்

"இனிமே எல்லாம் நீலாவே பாத்துக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். போடுவதும் நான், வெளியிடுவதும் நான்.

3 ஜூலை, திங்கள்

வாலாஜாபாத் ரோட்டில் இருக்கும் இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் புவனாவுக்கு லெக்சரர் வேலை. யாரையும் கேட்காமல் அவளே போய் இன்டர்வியூ கொடுத்திருக்கிறாள். காலையில் காலேஜ் பஸ் கடை வாசலிலேயே நின்றது. உள்ளேயிருந்து பெண்பிள்ளைகள், "குட் மார்னிங் மேடம்." அவள் ஏறும்போது கன்னத்தில் அந்தக் குழி.

இந்தக் கடையில் எனக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது. ஒருத்தரும் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

நாற்காலி என்னிடம், கம்ப்யூட்டர் என்னிடம், கேள்வியும் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. "நீலா, இன்னா போடலாம்?" அப்பா இன்று இரண்டு தடவை கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே பஸ் போன பக்கம் பார்த்தேன். அவளை இங்கிருந்து அனுப்பி நான் என்னத்தைப் பிடுங்கிவிட்டேன்? அவள் வேறு எங்கோ போய் இன்னும் நன்றாக இருக்கிறாள். அதுவும் எரிகிறது.

9 ஆகஸ்ட், புதன்

ஆவணி விலையெல்லாம் டிராஃப்டில் போட்டு மூன்று நாளாக வைத்திருக்கிறேன். தினகரனைப் பார்க்கச் சொன்னால் பார்க்காமலே, "நீ போட்டா சரிதான்கா" என்கிறான். நான் போட்டதை நானே எத்தனை தடவை பார்ப்பது? எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. நாமே போட்டது நம் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

சாயங்காலம் பஸ் வந்து நின்றது. புவனா படியேறப் போனாள்.

"புவனா. இத கொஞ்சம் பாரேன்."

அவள் நின்றாள். அந்த ஜூன் மாசத்துக்குப் பிறகு அவள் இந்தக் கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை. நான் எழுந்து தள்ளி நின்றேன். அவள் உட்காரவில்லை. தோள் பையோடு குனிந்து, மேலிருந்து கீழே அவசரமில்லாமல் படித்தாள். அவள் மேல் சாக்பீஸ் வாசனை.

"சின்னப் புள்ளைங்க பட்டுப் பாவாடைக்கு ரொம்ப ஏத்திட்டீங்க அண்ணி. ஒரு வருஷத்துல புள்ள வளந்துடும். இந்த வெலைக்கு யாரு எடுப்பாங்க?"

'உனக்கு என்ன தெரியும்' என்று தொண்டை வரை வந்தது. யோசித்தேன். அவள் சொல்வது சரி.

"நீயே மாத்து."

மாற்றினாள். "பப்ளிஷ் நீங்க பண்ணுங்க" என்று மாடிக்குப் போய்விட்டாள். சிரிக்கவில்லை. நான் செய்ததை அவள் மறந்திருக்க மாட்டாள், மறக்க வேண்டியதும் இல்லை.

அவள் போட்ட விலை திரையில் நின்றது. அழித்துவிட்டுப் பழையதையே போட்டாலும் கேட்பார் இல்லை. அப்படியே விட்டு, பப்ளிஷ் கொடுத்தேன்.

பிறகு அப்பாவிடம் போனேன். கலியன் பக்கத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பாவாடை வெல புவனா போட்டது. நான் போட்டது தப்பு."

அப்பா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அப்படியா" என்றார்.

சொல்லும்போது வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.