நியூ லின் வீட்டுக் கறிவேப்பிலை

இந்த வருடத்தில் முதல் தடவையாக இன்று காலை ஹீற்றரைப் போட்டேன். கோடை முழுதும் உள்ளே படிந்து கிடந்த தூசு சூடேறி, அந்தக் கருகல் மணம் அறை முழுக்கப் பரவியது. வேறு யாராவது என்றால் எழும்பி ஓடி யன்னலைத் திறந்திருப்பார்கள். நான் கதிரையில் இருந்தபடியே மூக்கு நிறைய இழுத்தேன். இந்த மணம் வந்தால் நம் ஏவன்டேல் வீட்டின் குசினிச் சுவரில், ஹீற்றர் மணக்குது என்று பயந்த யாராவது கூப்பிட, ரெலிபோன் அடிக்க வேண்டும். நீர் அகப்பையைக் கீழே வைக்காமலே ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, "அது தூசு எரியிற மணம். பத்து நிமிசம் யன்னலைத் திறந்து விடுங்கோ, போயிடும்" என்று சொல்ல வேண்டும். இங்கே குளிர் தொடங்குகிற ஒவ்வொரு மே மாதமும் எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பீர் என்று எனக்குத் தெரியாது. ஒருவரிடமாவது நீர் சலித்துக் கதைத்து நான் கேட்டதில்லை.

நீர் போய் இது இரண்டாவது குளிர்காலம். உமக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீர் இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டிய புருசனுக்கே சொல்லாமல் மறைத்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன். சிரிக்காதேயும். அதை எழுதத்தான் இருந்தேன், தூசு மணம் முந்திக்கொண்டது.

நான் கொழும்பு ஹோட்டல்களில் ஏசி பழுது பார்த்தவன். குளிராக்கும் மெஷின் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டுவேன். நியூசிலாந்தில் ஒக்லாந்துக்கு வந்து இறங்கினால், இங்கே சனங்கள் வீட்டைச் சூடாக்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்து, பழைய வான் வண்டி ஒன்றும் வாங்கி, தொண்ணூறுகளின் நடுவில் நானே தொழில் தொடங்கினேன். தொடங்கிய முதல் ஜூலையில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் நான் செய்த கூத்தை நீர் சாகும் வரை மறக்கவில்லை. ஏசியைத் திருப்பிப் போட்டது போல வீட்டைச் சூடாக்கும் ஹீற் பம்ப் அப்போது அபூர்வம். அவர் வீட்டுக்கு வெளியே இருந்த பெட்டியில் பனி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே குபுகுபுவென்று வெள்ளையாக ஆவி கிளம்பியது. பற்றிக்கொண்டது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றிவிட்டேன். அது தன் மேல் படிந்த பனியைத் தானே உருக்கிக்கொண்டிருந்த நேரம். கொழும்பில் எந்த ஏசியின் வெளிப்பெட்டி பனி பிடித்து நின்றது, எனக்குத் தெரிவதற்கு? "நெருப்பு அணைக்கிற படையிலையும் சேர்ந்திட்டீங்களோ?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தீர்.

உமக்கு மெஷின் தெரியாது. திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்பதே சந்தேகம். ஆனால் யாழ்ப்பாணத் தபால் கந்தோரில் எட்டு வருடம் ரெலிபோன் இணைப்புக் கொடுத்த காது உம்முடையது. "ரிசீவரை மெஷினுக்குக் கிட்டக் கொண்டுபோங்கோ" என்பீர். கேட்டுவிட்டு, என் வானுக்கு ஒரு காகிதத் துண்டு எழுதி வைப்பீர்: காற்றாடி எங்கேயோ உரசுகிறது, அல்லது காற்றே போகவில்லை, ஃபில்டர் அடைத்திருக்கும். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். அந்த எட்டுக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது என்ன மொடல், எத்தனை வருடம் பழையது. நீர் கேட்பது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், சாப்பிட்டார்களா. துண்டில் மெஷினின் பெயர் இருக்காது, "தாய்க்கு இருமல், மூத்தவள் சோதனைக்குப் படிக்கிறாள்" என்று இருக்கும். "நான் என்ன டொக்டரோ?" என்று கத்துவேன். "மெஷின் தனியா இருக்கிறேல்லை, மனுசரோடைதான் இருக்குது" என்பீர். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொழில் தொடங்கிய அதே ஜூலையில் நியூ லின்னில் கோமதி வீட்டுக்குப் போனேன். நினைவிருக்கும். தமிழ்நாட்டுக்காரர், புதிதாக வந்தவர்கள், கணவருக்குக் கொம்ப்யூட்டர் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். வாடகை வீட்டில் பழைய காஸ் ஹீற்றர் ஒன்று. புகைக்குழாய் சுவரைத் துளைத்துப் பின்பக்கமாக வெளியே போகும். நெருப்பு மஞ்சளாக எரிகிறது என்றார்கள். காஸ் நெருப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சள் என்றால் அதற்குக் காற்றுப் போதவில்லை. நான் நெருப்பு எரியும் பேர்னரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். நீலமாக எரிந்தது. பின்பக்கம் போய்க் குழாயின் வாயையும் பார்த்திருக்க வேண்டும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கோமதி சுடச்சுட வடை கொண்டுவந்து வைத்தாள். வடையைச் சாப்பிட்டேன், பின்பக்கம் போகவில்லை, "இனிப் பயமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். லைசன்ஸ் உள்ளவனின் வாக்கு.

வரும்போது அவள் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை பேப்பரில் சுற்றித் தந்தாள். நீர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஜூலை மாசத்திலை இப்பிடித் தளிர் இலையோ? எங்கட மரம் மொட்டையா நிக்குது" என்றீர். ஒக்லாந்தில் கறிவேப்பிலை வளர்க்கிற தமிழர் குளிர்காலத்தில் படும் பாடு உமக்குத்தான் தெரியும். ஒரு இலை உதிர்ந்தாலும் வீட்டில் துக்கம். நான் பசியோடு இருந்தேன், சாப்பிடப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் நகரின் மறுகோடியில், பாபகூராவில், தூண்களில் நிற்கும் ஒரு மர வீட்டுத் தரையின் கீழ் படுத்துக் குழாய் இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது கைத்தொலைபேசி வைத்திருக்க நான் என்ன மந்திரியா? பின்னேரம் மூன்று மணி போலக் கோமதி நம் வீட்டுக்கு ரெலிபோன் அடித்திருக்கிறாள். அன்று மாலை நீர் எனக்கு அந்த உரையாடலை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினீர். எனக்கு அது மனப்பாடம்.

"அக்கா, சார் இருக்காரா? ஹீட்டர் மறுபடி மஞ்சளா எரியுது. அவசரம் ஒண்ணும் இல்ல, திங்கக்கிழமை வந்தா போதும்."

"ஓம், சொல்லுறன். வீட்டிலை எல்லாரும் என்ன செய்யினம்?"

"எல்லாரும் படுத்திருக்காங்க அக்கா. தலைவலி. சின்னவன் ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். ஃப்ளூ போல."

"காய்ச்சல் இருக்கோ?"

"இல்ல, உடம்பு ஜில்லுன்னுதான் இருக்கு."

"உங்கட மனுசன் வேலைக்குப் போனவரோ?"

"நேத்து போனாரே. ஆபீஸ்ல நல்லாத்தான் இருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் பிடிச்சுக்கிச்சு. எனக்கும் கண்ணு சொருகுது."

அந்த இடத்தில் நீர் அடுப்பை நிறுத்திவிட்டதாகச் சொன்னீர். தாளிதம் கருகியது கூடப் பிறகுதான் தெரிந்ததாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மொடல் நம்பரைக் கேட்டு எழுதியிருப்பேன். நீர் கேட்ட கேள்வியை உலகத்தில் வேறு எந்த ஹீற்றர்க் கம்பனியும் கேட்டிருக்காது.

"கறிவேப்பிலை மரத்தை எங்கை வைச்சிருக்கிறீங்கள்?"

அவளுக்கு அந்த மயக்கத்திலும் பெருமை வந்துவிட்டது. "பின்னாடிதான் அக்கா. ஹீட்டர் சூடு வெளிய வருதில்ல, அந்த ஓட்டைக்கு நேரா. வீணாத்தானே போகுதுன்னு இவரு தொட்டிய அங்க வச்சு, பிளாஸ்டிக்கால சுத்திக் கட்டி, ஓரமெல்லாம் டேப் ஒட்டிட்டாரு. என்னமா தளிர் விடுது தெரியுமா!"

ஹீற்றரின் நச்சுப் புகை வெளியே போகிற ஒரே வழியைச் செடிக்காகக் கட்டிவிட்டார்கள். போக இடமில்லாத புகை திரும்பி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அதில் இருக்கும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குப் பயந்து யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டி, நாலு பேரும் அதற்குள் படுத்திருந்தார்கள். நான் பேர்னரைத் துடைத்துவிட்டு வடை தின்ற வீடு அது.

"ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டு, பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போங்கோ. கெதியா போங்கோ" என்று சொன்னதாகவும், பிறகு அம்புலன்சுக்கு நீரே அடித்ததாகவும் சொன்னீர். அவ்வளவுதான் சொன்னீர். மழைக்குள் பக்கத்து வீட்டு வாசலில் நாலு பேரும் போர்வையோடு நின்றிருந்தார்களாம். இன்னும் கொஞ்சம் உறங்கியிருந்தால் எழும்பியிருக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

நான் அன்று மாலையே போய்ப் பின்பக்கம் பார்த்தேன். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் கரி. அதற்குள் அந்தச் சனியன் பிடித்த மரம் பச்சைப்பசேலென்று நின்றது. பிளாஸ்டிக்கைப் பிய்த்தெறிந்தேன். மனதில் இருந்தது வெட்கமா பயமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றிலிருந்து, இடி இடித்தாலும் பின்பக்கம் பார்க்காமல் நான் எந்த வீட்டையும் விட்டு வந்ததில்லை.

மறுநாள் கோமதியின் கணவர் நம் வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "சார், நீங்க இல்லன்னா நாங்க இன்னிக்கு இல்ல." நான் உம்மைப் பார்த்தேன். நீர் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர். ஆம்பிளை செய்கிற வேலை, அதனால் ஆம்பிளைக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு, அந்த நன்றியை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன். கதை பரவியது. கோயிலில், சந்தையில், கலியாண வீடுகளில், "நாலு உயிரைக் காப்பாற்றினவர்" என்று எனக்கு முன்வரிசையில் கதிரை தந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நீர் பக்கத்தில் இருந்தீர். ஒரு நாள் வானில் வரும்போது, "நான் அவைக்கு உண்மையைச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். "சும்மா இருங்கோ. அவை நம்பினபடியே இருக்கட்டும்" என்றீர். நான் சும்மா இருந்துவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

நீர் போன முப்பத்தோராம் நாள் சடங்கில் நினைவு மலர் என்று ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுத்தோம். முதல் பக்கத்தில் உம்முடைய படம், கீழே "அன்பு மனைவி, பாசமிகு தாய், இல்லத்தரசி". நான்தான் எழுதிக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவராக எழும்பிக் கதைத்தார்கள். நல்ல சமையல், நல்ல குணம், சிரித்த முகம். கோமதியின் கணவர் எழும்பி, உம்மைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணன்தான் எங்க குடும்பத்தையே காப்பாத்தினவர்" என்று தொடங்கினார்.

கையில் மலர் இருந்தது. இல்லத்தரசி என்ற சொல்லைப் பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, என் மேல்தான்.

எழும்பி நின்றேன். "அண்டைக்கு ரெலிபோன் வந்த நேரம் நான் வீட்டிலையே இல்லை" என்றேன். மண்டபத்தில் என் தொழில்காரப் பொடியங்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன். "அதுக்கு முந்தின வாரம் அந்த ஹீற்றரைப் பார்த்து நல்லா இருக்குது எண்டு சொன்ன மடையன் நான். உங்களைக் காப்பாற்றினது என்ர மனுசி. நான் பாபகூராவிலை ஒரு வீட்டுக்குக் கீழை படுத்திருந்தனான்."

கோமதி எழும்பி நின்றாள். "இல்லண்ணா, நீங்க இருந்தீங்களே?"

"இல்லைப் பிள்ளை."

"அக்கா வெளிய போங்கன்னு சொன்னாங்க. நான் போகல அண்ணா. மழை, குளிரு, புள்ளைங்களுக்கு உடம்பு சரியில்ல. சார் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரே அக்கா, நீங்க பயப்படாதீங்கன்னு நான் ஃபோன வைக்கப் போனேன். அப்பதான் சொன்னாங்க, 'அவர் இப்ப எனக்குப் பக்கத்திலைதான் நிக்கிறார். தான் பிழை விட்டிட்டன் எண்டு அவரே சொல்லுறார். உடனை வெளியிலை போகட்டாம்' அப்படின்னு. நீங்க சொன்னீங்கன்னுதான் அண்ணா நாங்க வெளிய போனோம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

அவள் ரிசீவரை வைக்கப் போகிற அந்த ஒரு நிமிடத்தில் உமக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. உம்முடைய சொல்லுக்கு அவர்கள் எழும்ப மாட்டார்கள், லைசன்ஸ் உள்ளவனின் சொல்லுக்கு எழும்புவார்கள். அவன் பிழையாகச் சொல்லிவிட்டுப் போனவன் என்றாலும் அவனுடைய சொல்லுக்குத்தான் எழும்புவார்கள். இது சரியா பிழையா என்று நீர் நின்று யோசிக்கவில்லை. இல்லாத என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு வந்து, என் வாயாலேயே என் பிழையையும் ஒத்துக்கொள்ள வைத்து, நாலு பேரை வெளியே எடுத்துவிட்டீர். ஒத்துக்கொள்கிற அந்தப் புருசன் உம்முடைய கற்பனை. நிஜத்தில் இருந்தவனுக்கு அதற்கு இருபது வருடத்துக்கு மேல் தேவைப்பட்டது.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? இன்று காலை முழுதும் இதைத்தான் யோசித்தேன். சொல்லியிருந்தால் நான் கூனிக் குறுகிப் போயிருப்பேன் என்று நினைத்தீரோ? புதுத் தொழில், பெயர் கெட்டுவிடும் என்று பயந்தீரோ? இல்லை, உமக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லையோ? கடைசிக் காரணமாகத்தான் இருக்கும். அடுத்த நாளே நீர் வேறு யாருக்கோ, அது தூசு எரியிற மணம் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்.

நினைவு மலரை நான் திரும்ப அச்சடிக்கவில்லை. வீட்டில் இருந்த பிரதிகளில் இல்லத்தரசி என்பதைப் பேனையால் வெட்டிவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஒரு சொல் அகப்படவில்லை, வெட்டியபடியே விட்டிருக்கிறேன். ஆனால் வாயால் சொல்கிறேன். கோயிலில் சொல்கிறேன், ரெயில் வண்டியில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறேன், ஹீற்றர் திருத்த வருகிற இந்தக் காலத்துப் பொடியங்களை இருத்தி வைத்துச் சொல்கிறேன். "அப்பா, இதை எத்தனை தரம்?" என்று மகள் இங்கிலிஷில் சலித்துக்கொள்கிறாள். இருபது வருடத்துக்கு மேல் எனக்குக் கதிரை தந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பிடித்து, அந்தக் கதிரை உம்முடையது என்று சொல்லி முடிக்க வேண்டும். முழங்கால் நோகிறதுதான். ஆனாலும் அதை நான் நின்றுகொண்டேதான் சொல்கிறேன்.