தலைகீழாக மாட்டாத பில்டர்

செப்டம்பர் 8, ஞாயிறு

ஐம்பத்திரண்டு வயசில் எனக்கும் என் வண்டிக்கும் ஒரே நோய். மேடு வந்தால் மூச்சு வாங்குகிறது. எனக்கு வைத்தியம் கிடையாது. வண்டிக்கு மாதேஷ் இருக்கிறான். கொட்டச்சேடு பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒர்க்‌ஷாப், முப்பது வருஷச் சினேகம்.

இன்று ஆயில் மாற்றினான். சேலத்தில் நானே வாங்கிவந்த ஆயில் பில்டரைப் பெருமையாக நீட்டினேன். கம்பெனிச் சரக்கு இல்லை, அதைப் பார்த்துச் செய்தது. உள்ளேயிருந்த காகித மடிப்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். பொதுக்கென்று போனது.

"இது வேண்டான்டா. செவ்வாக்கெழம கம்பெனிது வருது, ரெண்டு நாள் பொறு."

"நாளைக்குக் குப்பனூர்ல கல்யாணம். நீ என்ன நெஞ்சைப் பொளந்து ஆபரேசனா பண்றே? எண்ணெய் வடிகட்டத்தானே? எங்கூட்டு டீ வடிகட்டி இதைவிட மோசம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்துவிட்டால் நான் ஜெயித்ததாகக் கணக்கு. மாட்டிவிட்டான்.

செப்டம்பர் 15

சேலத்திலிருந்து ஏறி வரும்போது பதினாலாவது வளைவில் வண்டி கிரீச்சென்று நின்றுவிட்டது. கிக்கர் கல் மாதிரி இறங்க மறுக்கிறது. இன்ஜின் போச்சு. கட்டைச்சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தன. டிக்கெட் வைத்திருந்தால் ஒரு நல்ல வசூல். வாழைத்தார் வேனில் வண்டியையும் ஏற்றி, தாரோடு தாராக ஊர் வந்து சேர்ந்தேன்.

செப்டம்பர் 17

ஆராயியக்கா டீக்கடையில் எல்லாரும் கேட்டார்கள், என்னாச்சு ரைட்டரே என்று. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர்தான் நான்; ஆனாலும் வாயைத் திறந்தால் கதைதானே எதிர்பார்ப்பார்கள்.

"நம்ம மாதேஷ் பில்டரைத் தலைகீழா மாட்டிட்டான். பனியனையே உள்ள வெளிய மாத்திப் போடறவன், பில்டர் எம்மாத்திரம்?"

பனியன் சமாச்சாரம் நிஜம். அதனால் பில்டரும் நிஜமாகிவிட்டது. ஆராயியக்கா சிரித்த சிரிப்பில் டீ பாதி கீழே போனது. பில்டர் நான் வாங்கிவந்தது என்று ஒரு வரி இருந்தது. அதைச் சொன்னால் கதை இழுக்கும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 24

செம்மநத்தத்திலிருந்து வந்த தினேஷ் எனக்கே அந்தக் கதையைச் சொல்கிறான். இப்போது மாதேஷ் மூன்று வண்டிக்குத் தலைகீழாக மாட்டியிருக்கிறான், ஒன்று பள்ளத்தில் விழுந்ததாம். நானும் சிரித்தேன். முதல் தடவை கேட்பவன் மாதிரி.

அக்டோபர் 1

மேனேஜர் கூப்பிட்டு, "எஸ்டேட் வண்டி ஆறையும் இனிமே மாதேஷ்கிட்ட விட வேண்டாம், டவுன்ல விட்டுக்கலாம் ரைட்டர். உங்க வண்டி கதையைத்தான் கேட்டேனே" என்றார். மாதேஷுக்கு லெட்டர் நான்தான் டைப் அடித்தேன். 'தங்கள் சேவைக்கு நன்றி' என்று முடித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரிண்ட் வர அஞ்சு நிமிஷம் ஆச்சு. அஞ்சு நிமிஷம் சும்மா நின்னேன்.

அக்டோபர் 4

மாதேஷிடம் எந்த முகத்தோடு போவது? வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த மெக்கானிக் பிரித்துக் காட்டினார். காகிதம் நசுங்கி, எண்ணெய் போகும் வழியை அடைத்திருந்தது.

"தலைகீழா மாட்டினதாலதானுங்களே?" என்றேன். என் குரலிலேயே ஒரு கெஞ்சல்.

"மாட்டினவரு சுத்தமா மாட்டியிருக்காருங்க. சரக்குதான் மட்டம். எவன் வாங்கினானோ."

அவனைத் தெரியும் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 5

டீக்கடையில் உண்மையைச் சொன்னேன். பில்டர் நான் வாங்கினது, அவன் வேண்டாம்னான், நான்தான் கேக்கலைன்னு. யாரும் சிரிக்கலை. "சரி விடுங்க, சினேகிதனைக் காப்பாத்தறீங்க"ன்னுட்டு வேற பேச்சுக்குப் போயிட்டாங்க. ஆராயியக்கா மட்டும், "அந்தப் பனியன் கதைய இன்னொருக்காச் சொல்லுங்க" என்கிறாள்.

மேனேஜரிடமும் சொன்னேன். டவுனில் பேசி முடித்தாயிற்றாம்.

இருபது வருஷமா இந்த ஊரைச் சிரிக்க வெச்சேன். ஒரு நாள் நம்ப வெக்க முடியலை.

அக்டோபர் 9

மாதேஷ் ஸ்பேனரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு வண்டி, அதுவும் அவனுடையது. நான் நின்றேன். அவன் நிமிரவில்லை.

"பில்டர் யாரு வாங்கினான்னு அன்னைக்கே சொன்னியா?"

"இல்லடா."

"ஏன்?"

கதை நல்லா இருக்காதுன்னுதான் — இதை எப்படி வாய்விட்டுச் சொல்றது? அவனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்பேனரைத் துணியில் துடைத்து, சின்னது பெரியது வரிசையில் அடுக்க ஆரம்பித்தான். அத்தனையும் அடுக்கி முடிக்கும் வரை நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

அக்டோபர் 10

சாப்பிடவில்லை. என் சம்சாரம் மலர் காரணம் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

நவம்பர் 21

பஸ்ஸில் மாதேஷ் சம்சாரம் சுதாராணி. இடம் இருந்தும் பக்கத்தில் உட்காரவில்லை.

"ஏனுங்கண்ணா, ஊரையே சிரிக்க வெக்கறீங்க. எங்கூட்டுக்கு வந்து ஒருக்காச் சிரிக்க வெய்யுங்களேன். அவரு சிரிச்சு நொம்ப நாளாச்சு."

வாழவந்தியில் இறங்கிப் போய்விட்டாள். எனக்கு அடுத்த ஸ்டாப். நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி நடந்தேன்.

டிசம்பர் 15

ஒர்க்‌ஷாப் ஷட்டர் ஒரு வாரமாகத் திறக்கவில்லை. சேலத்தில் ஏதோ ஷோரூமில் சேர்ந்துவிட்டானாம். காபிப் பழம் பறிக்கிற சீசன், ஆள் ஏற்றுகிற வண்டியெல்லாம் ரிப்பேருக்கு டவுனுக்குப் போய் வரிசையில் நிற்கிறது. வரிசையில் நிற்பவர்கள் மாதேஷ் இருந்தால் தேவலை என்கிறார்கள். என் முன்னால்தான் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 13

லீவு போட்டுக்கொண்டு, இன்ஜின் சரிசெய்த வண்டியில் சேலம் போனேன். இருபது வளைவிலும் மாதேஷிடம் என்ன சொல்வது என்று பேசிப் பார்த்தபடியே இறங்கினேன். ஒரு வார்த்தையிலும் நகைச்சுவை வைத்துக்கொள்ளவில்லை.

ஷோரூம் பின்பக்கம் சர்வீஸ் கவுண்டர். நீலச் சட்டை, கையில் அட்டை. அவனே வந்தான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்தான், அட்டையில் தாளைச் செருகினான்.

"பேருங்க?"

"ஜெயபிரகாஷ்."

எழுதினான். எழுத்து எழுத்தாக, நிதானமாக.

"ஊருங்க?"

"கொட்டச்சேடு."

"வண்டில என்ன கம்ப்ளைண்டுங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். என் வாயிலும் அந்த 'ங்க'தான் வந்தது.

கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனா முனையால் காட்டினான். போட்டேன். நாலு மணிக்கு வரச் சொன்னான்.

நாலு மணிக்கு வேறு ஆள் வந்து சாவி கொடுத்தார்.