உங்களைப் போல் நடந்தேன்

என்னங்க,

இன்று காலை எழுந்ததும் விடுதி அறையில் உங்களைப் போல் நடந்து பார்த்தேன். வீட்டு மனிதர் ஒருவரைப் பேசாமல் நடித்துக் காட்ட வேண்டும் என்பது நடிப்பு வகுப்பில் இன்றைய பயிற்சி. உங்கள் விறைப்பைக் காட்டிச் சிரிக்க வைக்க நினைத்தேன்.

வகுப்பில், வேலை முடிந்து வரும் நீங்களாகக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே நான் கோபத்தில் பாத்திரம் உருட்டும் சத்தத்தைக் கேட்பதுபோல் செருப்பை ஓசைப்படாமல் கழற்றினேன். யாரும் சிரிக்கவில்லை.

"மாமா ரொம்பப் பயந்த சுபாவமாக்கா?" என்றாள் உடன் படிக்கும் பெண்.

"அவரா? ஊரையே முறைப்பாரு."

"நீங்க காட்டினது பயம்தான். உங்க தோளைப் பாருங்க."

என் தோள்கள் ஒடுங்கியே இருந்தன. இத்தனை வருடமாக நான் திமிர் என்று நினைத்ததை என் உடம்பு வேறாக அறிந்து வைத்திருக்கிறது. எனக்கு இன்னும் பிரமிப்பு நீங்கவில்லை.

இனி உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கல்லூரிக்கு வந்தேன். படிப்பை விடமாட்டேன். ஆனால் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மனைவி